ஏளா என்றால் திரும்புகிறது

9 ஆகஸ்ட் 1974, வெள்ளி

இல்லை, நாய்க்குக் காது நன்றாகவே கேட்கிறது. இன்றுதான் தெரிந்தது.

கப்பல் கம்பெனித் துரை சீமைக்குத் திரும்பும்போது மாட்டாஸ்பத்திரியில் விட்டுப்போன கிழட்டு ஸ்பானியல், பெட்டை. நான் கூட்டிவந்து நான்கு நாளாகிறது. ஒரு வாய் தின்னவில்லை. துரை வீட்டு நாய்க்குத் தமிழ் தெரியாதென்று கல்லூரி ஆங்கிலத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவிடென்றே நினைத்தேன்.

காலையில், சிறுவயதிலிருந்தே என்னை அறிந்த திரேஸ்புரத்து மீன்காரி வாசலில் நின்று, எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற விதமாகக் கூப்பிட்டாள். "ஏளா, சாளை வேணுமா? பொறவு தீந்துபோச்சேன்னு அழாத!"

நாய் துள்ளி எழுந்து வாலாட்டியபடி ஓடியது. அவள் கையை மோந்தது. முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு மெதுவாக வந்து படுத்துக்கொண்டது.

"தொரை வீட்டுச் சமையக்காரி இத அப்படித்தாம்ளா கூப்பிடுவா," என்றாள் மீன்காரி. "பாவி, போன மாசம் போய்ச் சேந்துட்டா."

இரவு சாளைக் குழம்பில் சோறு பிசைந்து வைத்தேன். கூப்பிட்டால் வரும். என் முகத்தையும் அப்படிப் பார்த்து, அவளில்லை என்று தெரிந்துகொள்ளும். அதற்குப் பயந்து வெகுநேரம் கூப்பிடவில்லை.

"ஏளா, சாப்பிடு."

வந்தது. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தின்கிற சத்தம் கேட்டது.

தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.