பிரஷர் ஏறிட்டு

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அத்தையும் சுகம்தானே? சாரல் தொடங்கிவிட்டதா?

இங்கே ஷார்ஜாவில், தையல் கம்பெனி மருத்துவ முகாமில் எனக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்றார்கள். மேலும் இரண்டு நாள் பார்த்து உறுதிசெய்து மாத்திரை கொடுத்துவிட்டார்கள், பயப்படாதீர்கள்.

நான் சத்தம் போட்டாலே, "இவளுக்குப் பிரஷர் ஏறிட்டு" என்பீர்களே, அதை நாகர்கோவில்கார நர்ஸிடம் சொன்னேன். "கோவம் வேற, இது வேற. வாயே தொறக்காத பொம்பளைக்கும் இருக்கும், வெளிய தெரியாது" என்று சிரித்தாள்.

ஆகவே மாத்திரையும் போடுவேன், சத்தமும் போடுவேன். உப்பு ஆகாதாம், மோர் மிளகாய் அனுப்ப வேண்டாம். ஒரு நாள் ஐந்தருவிப் பக்கம் நின்று போன் செய்யுங்கள். அந்த இரைச்சல் போதும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. நாளைக்கே அத்தையைத் தென்காசிக்குக் கூட்டிப்போய்ப் பிரஷர் பாருங்கள். நம் வீட்டில் ஒரு நாளும் சத்தம் போடாதவர் அவர்தான்.

முத்துச்செல்வி