மூன்று மணிச் சங்கு

9-8-1978, புதன்
முதலியார்பேட்டை

குழந்தைக்கு டி.பி. மூளைக்காய்ச்சல் தணிந்து வருகிறது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடுகிறார்கள். "இந்த ஊசியால காது மந்தமாகுதான்னு பாத்துக்கினே இரும்மா" என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்தார்.

மில் சங்கு ஊதினால் செல்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடிக்கு ஓடி வருவாள். இன்று மூன்று மணிச் சங்குக்கு அவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டே இருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"வெளாட்டு மும்முரத்துல இருந்திருப்பா. நீ ஏன் பயந்து சாவுற?" என்று வீட்டுக்காரர் அதட்டினார்.

டாக்டரிடம் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவாரோ? நிறுத்தினால் காய்ச்சல் திரும்ப வந்துவிடுமே.

இதோ, ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. செல்வி அசையவில்லை. தூங்குகிறாள். தூக்கம்தான்.