இரண்டு பொட்டலங்கள்

அக்கா,

பொள்ளாச்சிச் சாலையின் நடுவே இப்போது அரளி வளர்க்கிறார்கள். இன்று பேருந்து ஜன்னலில் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி ஓட, பூ மடிக்கும் உன் விரல்கள் கண்முன் வந்தன.

கல்யாணமாகி எட்டே மாதத்தில் திரும்பி வந்தவள் நீ. நம் கிணத்துக்கடவு வீட்டில் நீ எந்தச் சேலை உடுத்துவது என்பதுகூட அப்பாவின் முடிவு. உன் பேச்சு நின்றது, தூக்கமும் நின்றது. கூப்பிட்டால், குரல் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்புவாய்.

நம் வீட்டில் எதற்கும் மாரியம்மனிடம் பூக்கேட்பார்கள். இரண்டு காகிதப் பொட்டலங்கள்; ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு. பூசாரி எடுப்பதில் வெள்ளை இருந்தால் சம்மதம், சிவப்பென்றால் வேண்டாம். மற்றதைப் பிரிக்கும் வழக்கமில்லை. அதுவரை மடித்துவந்த அப்பாவுக்குக் கைநடுக்கம் வந்தபோது, "அம்மணி, இனிமே நீயே மடிச்சுக் குடு" என்றார் உன்னிடம்.

அந்த மாதமே உன் கன்னத்தில் சதை ஏறியது. பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கல்யாணத்துக்குப் பூக்கேட்டார்கள். கல்லூரியில் கூடப் படித்தவள், நானே தேர்ந்தவள். சிவப்பு வந்தது; கல்யாணம் நின்றது. எல்லோரும் போனபின், கோயில் படியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

"எம்பட வாழ்க்கைதான் உனக்குக் கெடச்சுதா அக்கா?"

நீ சிரித்தாய். "உம்பட வாழ்க்கை என்னைக்குக் கண்ணு உங்கிட்ட இருந்துது? அப்பாகிட்டத்தான இருந்துது. நா கொஞ்ச நேரம் வாங்கி வெச்சிருந்தேன்."

உன்னை நான் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. ஏழு வருடம் உன்னோடு பேசவில்லை.

பிறகு உன் வயிற்றில் கட்டி. ஆபரேஷனே வேண்டாம் என்று நீ பிடிவாதமாக இருந்தாய். பூக்கேட்கலாம் என்றார் அப்பா. உன்னால் எழ முடியவில்லை, அதனால் என்னை மடிக்கச் சொன்னார். இரண்டிலும் வெள்ளை வைத்தேன்.

சம்மதம் வந்துவிட்டது என்று வந்து சொன்னேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ரெண்டும் வெள்ளைதானுங்களே, தம்பி?"

வயதில் இளைய என்னிடம் அன்றுதான் முதன்முதலாக, அப்பாவிடம் பேசுவதுபோல் மரியாதை போட்டுப் பேசினாய். அதன்பின் நீ பேசவே இல்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டி போய்விட்டது. சாப்பிடு என்றால் சாப்பிட்டாய், படு என்றால் படுத்தாய், கண்ணை மூடு என்றால் மூடினாய். கூப்பிட்டால் மறுபடியும் எதிர்ப்பக்கம் திரும்பினாய். நாற்பதாம் நாள் போய்விட்டாய். உடம்பில் ஒரு குறையும் இல்லையே என்று டாக்டர் திகைத்தார்.

உன்னைப் பிழைக்கவைக்கத்தான் அப்படி மடித்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு வந்த அன்று மத்தியானம், ஏழு வருடங்களில் முதல்முறையாக, நான் ருசித்துச் சாப்பிட்டேன் அக்கா.