வண்ணம் பூசிய துரு

கலாம்பா,
பிப்ரவரி 12

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

உன் கப்பலில் சேரப்போகும் புதிய சமையல்காரர் நாளை விமானம் ஏறுகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம் என்று மூன்று முறை அழைத்தேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் என்னால் ஒழுங்காகச் சொல்லியிருக்க முடியாது.

நானும் கார்லாவும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கூரைமேல் எறியச் சொன்னால் அப்பா வந்து எறியட்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். உன் அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை.

இனி என் விஷயம். நான் வேலை பார்க்கும் விண்வெளிப் படத்தின் கதையை உனக்கு எழுதியதில்லை. பழைய விண்கலம் ஒன்று. மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு மெக்கானிக் பெண் மட்டும் அதில் மிச்சமிருக்கிறாள். காற்று தரும் இயந்திரத்தை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே நாற்பது வருடம் ஓட்டுகிறாள். சண்டை கிடையாது, வேற்றுலக மிருகம் கிடையாது. இப்படிப்பட்ட படங்களில் கலம் புத்தம்புதிதாக இருக்கும், இல்லையென்றால் வெடித்துச் சிதறும், நட்டு முடுக்குகிற கையை எவனும் காட்டுவதில்லை என்று இயக்குநர் ரமீல் முதல் நாளே எங்களிடம் சொன்னார். எனக்கு எஞ்சின் அறையில் நிற்கும் உன் ஞாபகம்தான் வந்தது.

அந்தக் கலத்தின் ஓட்டுநர் அறையை, ஒரு ஜீப்னி வேன் அளவுக்கு, பழைய சர்க்கரைக் கிடங்குக்குள் கட்டியிருக்கிறார்கள். இரண்டு ஆள் உயர இரும்புச் சட்டத்தின் மேல் அது நிற்கிறது. அடியில் இருக்கும் நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகள் அதைக் குலுக்கும். தினமும் காலையில் சட்டத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதும், குலுக்கும் விசையை இயக்குவதும் என் வேலை.

கலம் பழையதாகத் தெரியவேண்டும் என்று ஓவியர்கள் சட்டம் முழுக்கத் துரு வரைந்திருக்கிறார்கள். எண்ணெய்க் கசிவு, வெல்டிங் தழும்பு, விரிசல்கூட வரைந்திருக்கிறார்கள். அவ்வளவு அருமையான வேலை. முதல் வாரம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிறகு தொடுவதை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சட்டத்தின் பின்பக்கத்து இடதுகாலைத் துடைத்தேன். துணியின் நூல் ஒரு கோட்டில் மாட்டிக்கொண்டது. பெயின்ட் கோட்டில் நூல் மாட்டாது. பெயின்டைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவினேன், நன்றாகத் துடைத்தேன், சாக்பீஸ் பொடி தூவினேன். விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் வெள்ளையில் மெல்ல ஈரக்கோடாக எழுந்து வந்தது. காலைச் சுற்றிப் பாதி தூரம். அந்தக் கோட்டை நான் திங்கட்கிழமையும் பார்த்திருந்தேன், டெல்ஃபின். வரைந்தது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தயாரிப்பு நிர்வாகி ஒக்காம்போவிடம் ஓடினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வில்மா, இந்தக் கலமே ஓட்டை உடைசல்தான். அதுதானே கதை? எது நிஜம், எது பெயின்ட்னு உனக்கே குழப்பம்" என்றார்.

மதியத்துக்குள் குலுக்கல் காட்சி முடியவேண்டும் என்றும், எனக்குப் பயமாக இருந்தால் விசையை வேறு ஆள் இயக்குவான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே வேறு ஆளையும் நிறுத்தினார். மெக்கானிக்காக நடிக்கும் திவினா ஏணியருகே வந்துவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுக்கு முன்னால் நான் ஏறினேன். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். வீராவேசம் ஒன்றும் இல்லை. கீழே நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். ஒக்காம்போ இறங்கச் சொல்லிக் கத்தினார். ரமீல் வந்து என்ன என்று கேட்டார்.

"சார், உங்க படத்துல வர்ற பொண்ணு பின்பக்கத்து இடதுகால்ல இருக்கற அந்தக் கோட்டைப் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் எனக்குப் பேச வந்தது.

அவர் சட்டத்தின் அந்தக் காலருகே குந்தி, நகத்தால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை இறங்கச் சொல்லி, திவினாவின் எடைக்கு மணல்மூட்டைகளை நாற்காலியில் கட்டச் சொன்னார். எல்லாரையும் சுவரோரம் நிறுத்திவிட்டுக் காட்சிக்குக் குலுக்குவது போலவே குலுக்கச் சொன்னார்.

நான்காவது குலுக்கலில் கால் முறிந்தது. அறை அப்படியே பக்கவாட்டில் சரிந்து சிமென்ட் தரையில் விழுந்தது. தூசி அடங்கியபோது, கூரைக்குழாய் ஒன்று நாற்காலியின் முதுகைத் துளைத்துக்கொண்டு நின்றது. மூட்டையிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது.

திவினா என் கையைப் பிடித்திருந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, திங்கக்கிழமை ஷாட்டுக்கு நடுவுல நான் அந்தச் சேர்லயே தூங்கிட்டேன்."

அந்த வார்த்தை என்னை விடமாட்டேன் என்கிறது. எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். நேற்று ஒக்காம்போ வீட்டுக்கே வந்தார். திங்கட்கிழமை சட்டம் நன்றாகத்தான் இருந்தது, செவ்வாயன்றுதான் விரிசல் விட்டது என்று தட்டச்சு செய்த தாளில் கையெழுத்துக் கேட்டார். "அது உனக்கும் நல்லது" என்றார். எனக்கு நல்லது என்பது உண்மைதான். அதனால்தான் இன்னும் பயந்தேன். போடவில்லை. திங்கட்கிழமை நான் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை என் கையாலேயே எழுதி ரமீலிடம் கொடுத்துவிட்டேன். படப்பிடிப்பை நிறுத்திவிட்டார்கள். என்னை மறுபடி கூப்பிடுவார்களா, போலீஸ் வருமா, தெரியவில்லை.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று நினைத்தேன். இல்லை. உன் போன கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. உயிர்காப்புப் படகைக் கப்பலில் தொங்கவிடும் கொக்கி சரியாகப் பூட்டவில்லை, அடுத்த துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதிகாரி சொல்கிறார், இந்த மாதப் பயிற்சியில் படகைக் கடலில் இறக்கும்போது அதில் உட்காரும் நால்வரில் நீயும் ஒருவன் என்று. முதலில் படித்தபோது அதைத் தாண்டிப் போய்விட்டேன். நேற்றிலிருந்து அந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதில் உட்காராதே, டெல்ஃபின். சிரிக்கட்டும். கோழை என்று சொல்லட்டும். உன்னை வீட்டுக்கே அனுப்பிவிடட்டும், வந்துவிடு. இக்கடிதம் உன் கைக்கு வரும்போது பயிற்சி முடிந்திருக்கக் கூடாது என்று காலையிலிருந்து மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். அவள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

கிடைத்ததும் ஒரே ஒரு வார்த்தையாவது அனுப்பு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வில்மா