ஒட்டகச்சிவிங்கியின் கோட்டுக்கு இன்னும் ஒரு விரற்கடை

அனுப்புநர்
தே. இம்மானுவேல் (வயது 37),
ஒப்பந்தத் தொழிலாளி, ரோலிங் மில்,
லைன் வீடு எண் 7, சிப்காட் பின்புறம்,
கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: ஏரிக்கரை சிறுவர் பூங்கா – குட்டி ரயில் – நான் கேட்டுக்கொண்டபடியே இரண்டு இடங்களிலும் விடுமுறை நாள் மாற்றித் தரப்பட்டதால் என் மகள் ரயில் ஏற முடியாமல் இருப்பது – ஒரே ஒரு வியாழக்கிழமை ரயிலை ஓட்ட வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. பூங்கா அலுவலகத்துக்கு நான் கொடுத்த மனு, நாள் 08.10.2024.
2. எங்கள் ஆலைக்கு நான் கொடுத்த விண்ணப்பம், அதே நாள்.
3. பூங்கா அலுவலகத்தின் பதில், நாள் 22.04.2025.
4. ஆலையின் அறிவிப்பு, நாள் 29.04.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதைப் புகார் மனு என்று எழுதத் தொடங்கினேன். யார் மேல் புகார் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கீழே வரும் எல்லோரும் தங்கள் கடமையைச் செய்தவர்கள். இருவர் எனக்கு உதவியே செய்தவர்கள். அப்படியிருந்தும் என் மகள் ஓர் ஆண்டாக அழுதுகொண்டிருக்கிறாள். இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தாங்கள் படித்து, தவறு எங்கே என்று கண்டால் எனக்கும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் இரும்புக் கம்பி தயாரிக்கும் ரோலிங் மில்லில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை வேலை பார்க்கிறேன். தொழிற்பேட்டையில் எல்லா ஆலைக்கும், எல்லா ஆளுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைக்காது. ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். பதினோரு வருடமாக எனக்கு வாய்த்தது செவ்வாய். எங்கள் வீட்டில் கறி எடுப்பது செவ்வாய், தலைக்கு எண்ணெய் வைப்பது செவ்வாய். என் மகள் ஜெபா முதல் வகுப்பில் சேர்ந்தபோது, வாரத்தில் விடுமுறை நாள் எது என்று டீச்சர் கேட்டதற்குச் செவ்வாய் என்று சொல்லி நின்றிருக்கிறாள். நாங்கள் ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிற குடும்பம்தான். போகிறவர்கள் அவளும் அவள் தாய் சாராளும், நான் ஆலைக்கு.

2. இப்போது ஜெபாவுக்கு எட்டு வயது. பிள்ளையை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று நானும் பார்க்காத இடம் இல்லை. வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை. கிண்டிச் சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை. புலிக்கும் எனக்கும் ஒரே நாளில் வார ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். மெரினாவுக்கு விடுமுறை கிடையாது என்பதால் நான்கு முறை போய்விட்டோம். சாராளுடன் வேலை பார்க்கும் கமர் நிஷாவின் பழவேற்காட்டு வீட்டுக்குப் போய் ஏரியில் பூநாரை பார்த்தோம். பூநாரை அழகுதான், ஆனால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவராது.

3. சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஏரிக்கரை சிறுவர் பூங்கா திறந்தார்கள். அதில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிள்ளையைக் கடைசிப் பெட்டியில் கார்டாக உட்காரவைத்து, கையில் பச்சைக்கொடி கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை கொடி காட்டினால்தான் ரயில் கிளம்பும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாள் முழுக்க ரயில் போகிறது, ஒன்றுகூட ஜெபாவைக் கேட்டுக் கிளம்புவதில்லை. ஆகவே அவளுக்கு அந்தக் கொடி மேல் ஆசை வந்தது நியாயம் என்றே நினைக்கிறேன். சாராளின் பச்சை ஜாக்கெட் துணி ஒன்றை விளக்குமாற்றுக் குச்சியில் கட்டி வீட்டில் பழகிவருகிறாள்.

4. 14.05.2024 செவ்வாயன்று அவளை அழைத்துச் சென்றேன். வாயில் பூட்டியிருந்தது. காவலர் அன்பு என்பவர், "செவ்வாக்கெழம லீவு நைனா, போர்டு வச்சிகீறாங்க பாரு" என்றார். பார்த்தேன், வைத்திருந்தார்கள். வண்டலூருக்கும் கிண்டிக்கும் செவ்வாய் லீவு என்று தெரிந்திருந்தும், பக்கத்தில் திறந்த பூங்காவுக்கும் அதே நாளில் லீவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிக்கெட் ஜன்னல் ஓரத்துச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று வரைந்து, கழுத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளைகள் மட்டுமே ரயிலில் ஏறலாம். ரயில் ஒரு குகைக்குள் போகிறது, குகை தாழ்வானது, தலை இடிக்கும் என்பது காரணம். வந்ததற்கு அதையாவது பார்ப்போம் என்று, வெளியிலிருந்தே எட்டும் அந்தச் சுவரில் அவளை நிறுத்திப் பார்த்தேன். கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே இருந்தாள். இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிவந்தேன். அப்படிச் சொன்னது என் தவறு.

5. செப்டம்பரில் எங்கள் லைனில் இருக்கும் வரதன் என்ற சக தொழிலாளியைக் கெஞ்சி, என் செவ்வாயைக் கொடுத்து அவருடைய புதன்கிழமையை வாங்கிக்கொண்டேன். 18.09.2024 புதனன்று பள்ளி விட்டதும் போனோம். பூட்டியிருந்தது. முந்தைய நாள் செவ்வாய் மிலாது நபி அரசு விடுமுறை. அரசு விடுமுறை நாளில் பூங்கா திறந்திருக்குமாம், அதற்கு ஈடாக மறுநாள் மூடுவார்களாம். அதாவது, பதினோரு வருடத்தில் முதல்முறையாக நான் செவ்வாயன்று வேலைக்குப் போன அந்த ஒரு நாள் பூங்கா திறந்திருந்தது. கமர் நிஷாவின் மகள் இர்பானா அன்று போய்க் கொடியும் காட்டிவிட்டு வந்தாள். அந்தப் புகைப்படத்தை ஜெபா பார்க்காமல் மறைக்க எங்களால் முடியவில்லை. கைரேகை இயந்திரத்தில் பதிவு குழம்புகிறது என்று, ஓய்வு நாள் மாற்றிக்கொள்வதையும் அந்த வாரமே ஆலையில் நிறுத்திவிட்டார்கள்.

6. தேசிய விடுமுறை நாளில் என்ன செய்தாய் என்று தாங்கள் கேட்கலாம். ஆகஸ்ட் 15 அன்று மழை. அக்டோபர் 2 அன்று ரயிலில் பேட்டரி பழுது. ஜனவரி 26 அன்று ஜெபாவுக்கு அம்மை போட்டிருந்தது. மற்ற நாளில் விடுப்பு எடுக்கலாமே என்றால், ஒப்பந்தத் தொழிலாளிக்கு விடுப்பு என்ற சொல் உண்டு, விடுப்பு கிடையாது.

7. தாய் அழைத்துப் போகலாமே என்றும் கேட்கலாம். போனாள். கடந்த பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஆலயம் முடிந்து நேரே போய், வரிசையில் நின்று, ஜெபாவின் முறையும் வந்து, கொடியும் கைக்கு வந்துவிட்டது. வாங்கியவள் மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நைனா இல்லியே, நான் யாருக்குக் காட்றது?" என்று கொடியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாளாம். சாராள் இதை என்னிடம் ஒரு வாரம் சொல்லவில்லை. பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, ஞாயிறு பள்ளிப் பாட்டு எதிலும் நான் இருந்ததில்லை. இதற்கு மட்டுமாவது நான் இருக்க வேண்டும் என்கிறாள்.

8. இனி எழுதப்போவதுதான் எனக்கு முற்றிலும் விளங்காத பகுதி. 08.10.2024 அன்று பூங்கா அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுத்தேன். வார விடுமுறையைச் செவ்வாயிலிருந்து மாற்ற வேண்டும் என்று கேட்டேன். எங்கே நடக்கப்போகிறது என்ற சந்தேகத்தில், அன்றே ஆலைக்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். என் வார ஓய்வைச் செவ்வாயிலிருந்து மாற்ற வேண்டும் என்று கேட்டேன். இரண்டிலும் எந்த நாள் வேண்டும் என்று நான் குறிப்பிடவில்லை. பெரியவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது மரியாதை ஆகாது என்று, "தங்களுக்கு வசதிப்பட்ட வேறு ஏதேனும் ஒரு நாள்" என்று மட்டும் எழுதினேன்.

9. ஆறரை மாதம் கழித்துப் பூங்காவிலிருந்து பதில் வந்தது. என் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, கூட்டம் மிகக் குறைவாக உள்ள வியாழக்கிழமைக்கு விடுமுறை மாற்றப்பட்டுள்ளதாகவும், மே முதல் தேதியிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் பூங்கா திறந்திருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். சாராள் கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்தாள். ஜெபா அன்றைக்கே சட்டையைத் தேய்க்கச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து ஆலையில் அறிவிப்பு ஒட்டினார்கள். என் விண்ணப்பமும் ஏற்கப்பட்டு, மே முதல் தேதியிலிருந்து எனக்கு வார ஓய்வு வியாழக்கிழமை.

10. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே இருவருமே வரம் கொடுத்துவிட்டார்கள், ஒரே தேதியில், ஒரே கிழமையில். பதறிப்போய் சூப்பர்வைசரிடம் சொன்னேன். "உனுக்கோசரம் நாலு பேரு டூட்டிய மாத்திக்கினு கீறேன். அடுத்த தபா இன்னா, பௌர்ணமிக்கு ஓய்வு கேப்பியா?" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பூங்காவுக்கு ஓடினேன். அன்பு என் மனுவால் தன் வார ஓய்வு நாளும் மாறிப்போனதைச் சொல்லி, "பேஜாரு புட்ச்ச ஆளு நைனா நீ" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

11. மே முதல் தேதி வியாழன். தொழிலாளர் தினம் என்பதால் எனக்கு விடுமுறை. அரசு விடுமுறை என்பதால் பூங்காவும் திறந்திருந்தது. ஓடிப்போய் நின்றோம். ரயில் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டுபவரும் தொழிலாளிதானே, அவருக்கும் விடுமுறை. ஜெபா அழவில்லை. நேராக ஒட்டகச்சிவிங்கியிடம் போய்த் தானாகவே முதுகை ஒட்டி நின்று, என்னை அளக்கச் சொன்னாள். என் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு விரற்கடை பாக்கி.

12. ஐயா, பூங்காவின் பதிலுக்குக் காத்திருந்த ஆறரை மாதத்தில் மட்டும் அவள் இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். அலுவலகங்களுக்கு அது சாதாரணக் காலம் என்பதை நான் அறிவேன். அவளுக்கு அது தெரியாது. மார்ச் மாதத்திலிருந்து பள்ளியில் கொடுக்கும் முட்டையைத் தின்னாமல் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவந்திருக்கிறாள் என்று சத்துணவு அமைப்பாளர் சுமலதா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டிலும் பால் வேண்டாம் என்கிறாள். நடக்கும்போது முழங்காலை மடக்கி நடக்கிறாள். ஜெபக் கூட்டத்தில் போதகர், தினமும் என்ன கேட்டு ஜெபிக்கிறாய் என்று கேட்டதற்கு, வளராமல் இருக்க வேண்டும் என்று கேட்பதாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவள் தட்டில் முட்டையை வைத்தபோது, இன்னும் ஒரு மாதம் வளராமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது. பெற்ற தகப்பனுக்கு வரக்கூடாத நினைப்பு. அந்தத் தட்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

13. கோட்டை உயர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. குகையில் என் பிள்ளை தலையும் இடிக்கும், ஊரார் பிள்ளை தலையும் இடிக்கும். பூங்காவின் விடுமுறையை மறுபடி மாற்றச் சொல்லவும் பயமாக இருக்கிறது. இரக்கப்பட்டு ஆலையும் அதே வாரம் மாற்றிவிட்டால் நான் பழைய இடத்துக்கே வந்துவிடுவேன். ஆகவே தங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களைச் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நகல் எடுத்து அனுப்புவது வழக்கம் என்று கேள்விப்பட்டேன். இதன் நகலைத் தயவுசெய்து எங்கள் ஆலைக்கு அனுப்ப வேண்டாம்.

14. சென்ற முறை மரியாதை கருதி நாளைக் குறிப்பிடாமல் விட்டேன். இந்த முறை மரியாதைக் குறைவாக எண்ணாமல் மன்னிக்க வேண்டும். பள்ளி திறக்கும் முன் வரும் கடைசி வியாழன் 29.05.2025. அன்று மாலை நான்கு மணிக்கு, ஒரே ஒரு சுற்று, குட்டி ரயிலை ஓட்ட உத்தரவிட வேண்டுகிறேன். ஓட்டுபவரிடம் பேசிவிட்டேன், உத்தரவு இருந்தால் வருகிறேன் என்றார். அன்பு வாயிலைத் திறக்கிறேன் என்றார். மற்ற பெட்டிகளை நிரப்ப லைன் வீட்டுப் பிள்ளைகள் பதினாறு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள், எல்லோருக்கும் வியாழனன்று ஓய்வுள்ள தகப்பன்மார் இருக்கிறார்கள். நான் மேடையில் நிற்பேன். அவள் கொடியை என்னிடம் காட்டுவாள். அதன் பிறகு அவள் எவ்வளவு வேண்டுமானாலும் வளரட்டும்.

ஆவன செய்து, என் மகள் மறுபடி முட்டை தின்ன உதவுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: கும்மிடிப்பூண்டி
நாள்: 15.05.2025 (வியாழன் – எனக்கும் பூங்காவுக்கும் ஓய்வு நாள்)

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தே. இம்மானுவேல்

இணைப்பு:
1. பூங்கா அலுவலகத்தின் பதில் – நகல்.
2. ஆலை அறிவிப்பு – கைப்பேசியில் எடுத்த படம்.
3. ஜெபாவின் உயரத்துக்கு வெட்டிய நூல் ஒன்று. உச்சந்தலை முதல் குதிகால் வரை, முழங்காலை மடக்க விடாமல் நேராக நிறுத்தி அளந்தது. இது இன்றைய தேதிக்கு மட்டுமே சரியான அளவு.