பெட்டியின் மேல் போட்ட பழி

சூரமங்கலம்
22.2.1987

அன்புள்ள சரவணமுத்துவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை வள்ளி, நான் மூவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். சிங்கப்பூர் மழையில் உனக்குப் பிடித்த சளி விட்டுவிட்டதா என்று அப்பா தினமும் என்னைக் கேட்கிறார், நான் பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்து வந்து சொல்லிவிடலாம் என்பது போல. உன் கடிதம் சென்ற வாரமே வந்துவிட்டது. நீ கேட்டிருந்த கேள்விக்குப் பதிலைத் தெரிந்துகொண்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

போன மாதம் நான் உனக்குக் கடுமையாக எழுதிவிட்டேன். பொங்கல் கரிநாளன்று திருச்செங்கோட்டிலிருந்து மாமா குடும்பம் வந்திருந்ததையும், நீ தீபாவளிக்கு அனுப்பிய வீடியோ கேம் பெட்டியில் ஆட்களைச் சுடும் ஆட்டத்தை வள்ளி ஆடிக்கொண்டிருந்ததையும், திடீரென்று எழுந்து ஆடுவதற்குக் கையில் பிடித்திருந்த பெட்டியின் பிடிகட்டையாலேயே மாமா மகன் கந்தப்பன் நெற்றியில் அடித்ததையும், அவனுக்கு மூன்று தையல் போட்டதையும் எழுதி, இப்படிப்பட்ட சாமானைப் பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு அனுப்பலாமா என்று உன்னைக் கேட்டிருந்தேன். அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். சிங்கப்பூர்ப் பொட்டி நல்ல புள்ளையக் கெடுத்துப் போட்டுதுங்க என்றார் எதிர்வீட்டு ரயில்வே கார்டின் மனைவி சென்னம்மாள். மாமா தலையில் கட்டோடு நின்ற மகனைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம், அம்மிணி, பரீச்சையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வைகாசில முகூர்த்தம் வெச்சரலாம், அடிச்ச கையாலயே இவனுக்குச் சோறு போடட்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவுமில்லை. பெட்டியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன்.

நீ கோபித்துக்கொண்டு எழுதியிருக்கலாம், ஆனால் அப்படி எழுதவில்லை. பெட்டிதான் காரணமென்றால் என்னை மன்னியுங்கள் என்று தொடங்கி, அப்பா, மாமா, நீங்கள் மூவரும் எழுதிய கடிதங்களில் ஆட்டம் இருக்கிறது, தையல் இருக்கிறது, அவள் அடிப்பதற்கு முந்தின ஐந்து நிமிடம் மட்டும் எதிலுமே இல்லையே அம்மா என்று கேட்டிருந்தாய். இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்துவிட்டால் முதலாவதுதான் காரணம் என்று எழுதிவிடாதே என்று எத்தனை பெண்களின் பரிசோதனை நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். என் வீட்டு விஷயத்தில் அந்தக் கோட்டை நீ போடவேண்டியிருந்தது.

உன் கடிதம் வந்த அன்று மாலையே வள்ளியைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீங்க இதக் கேக்கறதுக்கு ஒரு மாசம் ஆச்சுங்கம்மா என்றாள். பிறகுதான் சொன்னாள். கந்தப்பன் பின்னால் வந்து சடையைப் பிடித்து இழுத்திருக்கிறான். விடச் சொன்னதும் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு, உன்னைய பரீச்சைக்கெல்லாம் உடமாட்டாங்க, உங்கம்மாவே சரின்னுட்டாங்க, போய்க் கேட்டுப் பாரு என்று காதோரம் சொன்னானாம். நான் சரி என்று சொல்லவே இல்லை. கார்த்திகையில் மாமா வந்து கல்யாணப் பேச்செடுத்தபோது, அண்ணனை முகத்துக்கு நேராக மறுக்க வேண்டாமே என்று காப்பி கலக்கப் போய்விட்டேன். தங்கை வாயைத் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்றுதான் நம் சொந்தத்தில் எடுத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியாததா? இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஆடிப் பதினெட்டுக்கு அவர்கள் ஊருக்குப் போயிருந்தபோதே அவன் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று இவள் என்னிடம் வந்து சொன்னாள். முறைக்காரன்தானே, கேலி பண்ணுவான் என்று அனுப்பிவிட்டேன். வேறு எவனாவது தொட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா?

புதன்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகத் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியின் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு வேண்டாம் அண்ணா, நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு என்றேன். ஒரு கேம் பொட்டிக்காவ ஒறவ முறிக்கறயா என்றார். பொட்டிய உடுங்க, பையனக் கேளுங்க என்றேன். கந்தப்பன் வாசல்படியில் நின்று தரையைப் பார்த்தான். முறையுள்ள பையன் கேலி பண்ணாம ரோட்ல போறவனா பண்ணுவான் என்று மாமா சத்தம் போட்டார். அப்போது அத்தை, நம் குஞ்சம்மாள் அத்தைதான், முறத்தில் இருந்த பயறைப் புடைத்தபடி நிமிராமலே மாமாவிடம் சொன்னார்: நீங்களும் எனக்கு முறை மாமந்தானுங்க. அன்னைக்கு எங் கையில கட்டை இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். அத்தை இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா பேனாவை மூடிக் கணக்கு நோட்டின்மேல் வைத்தார். கடைசியில், புள்ள பரீச்சை எழுதட்டும் போ அம்மிணி என்றார். இப்போதைக்கு அது போதும். என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை அவர் வரவில்லை, எப்போதும் வருவார்.

பெட்டி விஷயத்தில் நான் உறுதியாக எதுவும் சொல்லமாட்டேன். பரணிலிருந்து இறக்கி நானே இரண்டு நாள் சாயங்காலம் ஆடிப் பார்த்தேன், நாற்பது ஐம்பது பேரைச் சுட்டேன், கட்டை விரல் வலித்ததே தவிர யார் மேலும் கோபம் வரவில்லை. ஆனால் ஒரு நாற்பத்தெட்டு வயதுக்காரி ஆடிப் பார்த்தது ஆராய்ச்சி ஆகாது. நடுவில் எழுப்பினால் வள்ளி சிடுசிடுப்பதும் உண்மை. ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் அது என்ன செய்யும் என்பதைக் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் சொல்லட்டும். நம் வீட்டு அடிக்கு அது காரணமில்லை, அவ்வளவு எனக்குத் தெரியும். ஆகவே நீ மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. இவ்வளவு தூரத்திலிருந்து நீ பொறுமையாகக் கேட்டாய் சாமி. பக்கத்திலேயே இருந்த நான் கேட்கவில்லை. இதற்காக உனக்கு நன்றி சொல்வது அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

மார்ச்சில் அவளுக்குப் பரீட்சை தொடங்குகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போ. அர்த்தநாரீஸ்வரர் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். ஒன்று மறக்காதே. வள்ளி பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நான் பிரிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
ராமாயி