கையில் தட்டுப்பட்டது

அக்காவுக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதி, உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

மாதாமாதம் உனக்கு வலி வரும்போது நான் அமுக்கிவிடுகிறேன். "உன் கையில என்னமோ இருக்குடி" என்று தையல் கம்பெனி முழுக்கச் சொல்லிவைத்தாய். பள்ளியை விட்டபிறகு யாரும் என்னைப் பாராட்டியதில்லை. தலைகால் புரியவில்லை. நான் வேலை செய்யும் இடத்துப் பிசியோதெரபி மேடம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இடுப்பும் முதுகும் மட்டும்தான். "ஸ்கேன் பாக்காம யார் வயித்துலயும் கை வைக்காதே" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார். நான் உன் வயிற்றிலும் வைத்தேன்.

போன மாதம் தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம், கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

"ஏன்டி நிறுத்திட்ட?"

"வாயுக்கா."

"எல்லாம் நீ வைக்கிற குழம்பால" என்று சிரித்தாய். இந்த மாதம் அது பெரிதாக இருந்தது. அமுக்கி அமுக்கி நான்தான் வளர்த்துவிட்டேனா, தெரியவில்லை.

நேற்று மேடமிடம், யாரோ ஒரு பெண்ணுக்கு என்று சொல்லிக் கேட்டேன். கை துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு அமுக்கினது?"

நான் தரையைப் பார்த்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் போனை எடுத்து, டாக்டரிடம் இன்று மாலை நான்கு மணிக்கே நேரம் வாங்கினார். பிறகுதான், "உன் அக்காதானே?" என்றார்.

மூன்று மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்பேன். பெர்மிஷன் கேட்டு வா. இப்போது வலி இல்லை என்று மட்டும் சொல்லாதே. இனி நீ அழுதாலும் நான் உன் வயிற்றில் கை வைக்க மாட்டேன்.

உன் தங்கை